ஐரோப்பிய வாங்குநர் "எந்தக் காணியின் இறப்பர் பால்?" என்று கேட்கிறார். கொழும்பில் கையுறை செய்யும் நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

மென்பொருளை விடுங்கள். பால் சேர்க்கும் வியாபாரியின் பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். களுத்துறை, கேகாலைப் பக்கத்து வியாபாரிகளிடம் பவுசரில் பால் எடுப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கையுறை ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டத்துக்குள் (2023/1115) வருகிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்துப் பால் துளியும் கலக்கக் கூடாது. நல்ல பாலைக் கணக்கில் மட்டும் பிரித்துவிட்டுத் தாங்கியில் எல்லாவற்றையும் கலக்கும் முறை இங்கே செல்லாது. எஃப்.எஸ்.சி. (பொறுப்பான காட்டு முகாமைக்கான) சான்றிதழ் இருந்தாலும் காணியின் அமைவிடம் கொடுத்தே ஆக வேண்டும். அதற்காக ஒவ்வொரு கையுறைக்கும் மரத்தைக் காட்டத் தேவையில்லை. தாங்கியில் 60 காணிகளின் பால் விழுந்திருந்தால் அந்த 60ஐயும் அறிவிக்கலாம். ஒன்று பிழைத்தால் தாங்கி முழுவதும் பிழை.

அமைவிடம் காட்ட, 4 ஹெக்டேயர் வரையான (ஏறக்குறைய 10 ஏக்கர்) காணிக்கு ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் எல்லைக்கோடு வேண்டும். அகலாங்கிலும் நெட்டாங்கிலும் தசமத்துக்குப் பின் 6 இலக்கங்கள் வேண்டும். 3 இலக்கத்தோடு நிறுத்தினால் ஏறக்குறைய 100 மீற்றர் வரை பிழை வரலாம், புள்ளி பக்கத்துக் காட்டுக்குள் விழலாம். எக்செல் 80.041530 என்பதன் கடைசிப் பூச்சியத்தை விழுங்கிவிடும், ஆகவே அந்த நிரலை எழுத்து வடிவில் வையுங்கள். தொலைபேசி அகலாங்கை முதலில் காட்டும். ஜியோஜேசன் (அமைவிடங்களைக் கணினிக்குக் கொடுக்கும் வடிவம்) கோப்பில் நெட்டாங்கு முதலில் வரவேண்டும். மாறிப்போனால் களுத்துறைக் காணி 80 பாகை வடக்கில், ஆர்ட்டிக் பக்கத்துக் கடலில் கிடக்கும். 80 செல்லுபடியாகும் அகலாங்கு என்பதால் கணினி அதைத் தடுக்காது. ஒவ்வொரு கோப்பையும் வரைபடத்தில் விரித்துக் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது அளவு. லீற்றரில் கணக்கு வைத்தால் ஒருநாளும் பொருந்தாது: மழை, அமோனியாக் கரைசல், வேண்டுமென்றே ஊற்றிய தண்ணீர் எல்லாம் அதற்குள் இருக்கும். உலர் இறப்பர் கிலோவில் வையுங்கள். 30 சதவீத டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் இறப்பரின் சதவீதம்) உள்ள 1000 கிலோ பாலில் 300 கிலோ. மெட்ரோலாக் (பாலில் மிதக்கவிட்டு அளக்கும் கருவி) அளவு பேரம் பேச உதவும். கணக்குக்கு உறைய வைத்து அடுப்பில் உலர்த்திய மாதிரிதான் நிற்கும். மொத்தத் திண்மத்தை (இறப்பரோடு பாலிலுள்ள மற்றத் திண்மங்களும் சேர்ந்தது) டி.ஆர்.சி. என்று எழுதிவிடாதீர்கள், அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். பாலைச் செறிவாக்கும் சென்ட்ரிபியூஜ் இயந்திரத்திலிருந்து போகும் ஸ்கிம் பாலையும் (கொஞ்ச இறப்பர் மட்டும் மிஞ்சிய நீர்த்த பால்) எழுதாவிட்டால் காணாமல் போன இறப்பரைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

இந்தக் கணக்கு இருந்தால்தான் கள்ளமும் தெரியும். ஒரு ஏக்கர்க் காணியின் பேரில் வருடம் 600 கிலோவுக்கு மேல் உலர் இறப்பர் வந்தால், பதியாத அயல் காணியின் பாலும் அதே வாளிக்குள் வருகிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் சேமிப்புத் தாங்கியின் அடி. மிச்சப் பாலை வெறுமையாக்காமல் புதுப்பாலை ஊற்றிக்கொண்டே போனால், காணிப் பட்டியலும் முடிவில்லாமல் நீளும். தாங்கிக்கு எண் கொடுங்கள். வெறுமையாக்கிய திகதியை எழுதுங்கள். அதிலிருந்து புதுத் தொகுதி எண். பால் முதிர இரண்டு மூன்று வாரம் நிற்பதால் தாங்கிகள் போதாது என்பார்கள், உண்மைதான். அப்படியானால் ஐரோப்பிய ஓடருக்கென்று ஒன்றையாவது ஒதுக்குங்கள்.

பிளொக்செயின் (பதிந்ததைப் பின்னால் மாற்ற முடியாத கணினிப் பதிவேடு) விற்பவர்கள் இதை மறுக்கலாம். நான் தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் இல்லை. வாளியில் பிழைத்ததை அது திருத்தாது என்கிறேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்டங்களில் பால் வெட்டி, நிறுத்து, ஊற்றுபவர்களில் எத்தனையோ பேர் தமிழர். படிவங்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் போனால் அவர்களுக்கு உதவாது. வாசிக்க முடியாத கட்டத்தில் மனிதர் எதையாவது எழுதத்தான் செய்வார். மூன்று மொழியிலும் அச்சிடுங்கள், பெரிய செலவில்லை.

பற்றுச்சீட்டில் காணி எண், திகதி, கிலோ, டி.ஆர்.சி., பவுசர் எண் இருக்கட்டும். பதிவுகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டும், கார்பன் பிரதியோ நம்மூர் ஈரத்தில் மங்கிவிடக்கூடும். அன்றன்றே படம் எடுத்துத் தாங்கி எண்ணோடு சேமியுங்கள்.