டைரக்டரைத் தொட முடியாது என்பது பொய்

அண்ணே, காரைக்குடிப் பக்கம் உங்கள் ஊருணியில் ஆலைக் கழிவு இறங்குகிறது, கேட்டால் "அபராதத்தைக் கம்பெனி கட்டும், சென்னையில் இருக்கும் டைரக்டரை யாரும் தொட முடியாது" என்று மேனேஜர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். நம்பாதீர்கள். 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, கம்பெனி குற்றம் செய்தால் அப்போது தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளிதான். தனக்குத் தெரியாது, வேண்டிய கவனம் எடுத்தேன் என்று நிரூபிப்பது அவர் பாடு. டைரக்டரின் சம்மதமோ அலட்சியமோ இருந்தால் அவரும் மாட்டுவார். ஆனால் டைரக்டர் என்ற பட்டம் மட்டும் போதாது. அவருக்கு இதில் என்ன பொறுப்பு என்று புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

இன்னொரு சட்டமான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் பெரும்பாலும் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம்தான். அதைக் கட்டாவிட்டால்தான் சிறையோ கூடுதல் அபராதமோ வரும். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

சரி, முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுங்கள். அப்புறம் நீங்களே கோர்ட்டுக்குப் போகலாம். எங்கள் ஊருணியில் மூன்றாம் படிவரை பழுப்பு நுரை ஒட்டியிருந்ததைத் தேதியோடு படமெடுத்து வைத்தோம். நீங்களாகப் பாட்டிலில் பிடித்த தண்ணீரை மட்டும் நம்பாமல், வாரிய ஆட்களையே வரவழைத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.