வாடிக்கையாளர் சாட்டில் முடிந்த உரையாடல்களைத் தானாகவே வலைப்பதிவில் ஏற்ற முடியுமா? கோடிங் தெரியாதவர்களால் செய்ய முடியுமா?

முடியும். அரை நாள் வேலைதான். நான் செய்திருக்கிறேன். செய்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை இரவு, போட்ட இணைப்பையெல்லாம் நானே பிடுங்கியும் எறிந்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா கடந்துபோக முடியவில்லை.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரே கேள்வியை தினமும் பத்துப் பேர் சாட்டில் கேட்கிறார்கள். பதில் வலைப்பதிவில் இருந்தால் லிங்க்கைக் கொடுத்து முடித்துவிடலாம், ஆனால் உட்கார்ந்து எழுத ஆள் இல்லை. சாட்டில்தான் ஏற்கெனவே பதில் டைப் ஆகிக் கிடக்கிறதே, அதை அப்படியே அந்தப் பக்கம் தள்ளினால் என்ன? எங்கள் நான்கு பேர் குழுவிலும் இதே யோசனையை யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன்.

வழி இதுதான். சாட் மென்பொருளில் ஓர் உரையாடல் மூடப்பட்டதும் அது வெப்ஹுக் (ஏதாவது நடந்ததும் தானாகத் தகவல் அனுப்பும் வசதி) மூலம் ஓர் இணைய முகவரிக்குத் தகவல் அனுப்பும். நடுவில் உள்ள கருவி அதை வாங்கி, வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்து, வலைப்பதிவின் ஏபிஐக்கு, அதாவது வெளி மென்பொருள் உள்ளே பேசுவதற்கான வாசலுக்கு, கொடுக்கும். வேர்ட்பிரஸில் பதிவு போடுவதற்கான ரெஸ்ட் ஏபிஐ 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. 2020 டிசம்பரில் வந்த 5.6-இல் அப்ளிகேஷன் பாஸ்வேர்டும் சேர்ந்துவிட்டது. அதாவது உங்கள் சொந்தப் பாஸ்வேர்டைக் கருவியிடம் கொடுக்க வேண்டாம். அதற்கென்று தனியாக ஒன்று உருவாக்கிக் கொடுத்து, பிடிக்காவிட்டால் அதை மட்டும் ரத்து செய்துவிடலாம். நடுவில் ஜேப்பியர், மேக், என்8என் போன்ற எதை வைத்தாலும் சரி, கோடிங் தேவைப்படாது. நான் அதற்குப் பதில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் (நிரல்) எழுதினேன். அது திமிர், வேறொன்றுமில்லை.

இனி என் கதை. உரையாடலை மூடும்போது ஊழியர் ஒரு டேக் (அடையாளச் சொல்) போட வேண்டும். டேக் இருந்தால் வாடிக்கையாளரின் முதல் செய்தி தலைப்பாகும், ஊழியரின் கடைசிப் பதில் கட்டுரையாகும். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. முதல் நாள் மாலை வலைப்பதிவைத் திறந்து பார்த்தால் மூன்று புதுப் பதிவுகள். மூன்றின் தலைப்பும் "ஹலோ". அவற்றின் இணைய முகவரிகள் முறையே ஹலோ, ஹலோ-2, ஹலோ-3 என்று முடிந்தன. சாட்டுக்கு வருகிறவர் எடுத்த எடுப்பிலேயே பிரச்சினையைச் சொல்லமாட்டார், முதலில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார் என்பது தினமும் சாட்டில் உட்காரும் எனக்கே உறைக்கவில்லை.

சரி, தலைப்பை ஊழியரே ஒரு கட்டத்தில் நிரப்பட்டும் என்று மாற்றினோம். அடுத்த தொல்லை முகவரியில் வந்தது. தமிழ்த் தலைப்பு முகவரியாகும்போது ஒவ்வொரு எழுத்துக் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது இடத்தைப் பிடிக்கும். வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். கணக்குப் போட்டால் 22 குறிகள், அதிலும் "ர்" என்பது இரண்டாகக் கணக்கு, ர ஒன்று, புள்ளி ஒன்று. "வாடிக்கையாளர்" என்ற ஒரு சொல்லே 13 தின்றுவிடும். நீளமான தலைப்பெல்லாம் பாதியில் வெட்டுப்பட்டு நின்றன. தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் முகவரிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போனது.

இதெல்லாம் சில்லறை. சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஒருவர் இன்வாய்ஸ் இறங்கவில்லை என்று ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தார். எங்கள் ஊழியர் நல்ல பிள்ளை, பொறுமையாக எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியாக, "உங்கள் எண் இதுதானே சார், பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறோம்" என்று எண்ணையும் எழுதி, டேக்கையும் போட்டு மூடிவிட்டார். கடைசிப் பதில்தான் கட்டுரை. ஆக, கட்டுரையே அந்த ஒரு வரிதான், அவருடைய தொலைபேசி எண்ணோடு.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. என் ஸ்கிரிப்ட் ஸ்கிரீன்ஷாட்டை இறக்கி, சின்னதாக்கி, வலைப்பதிவில் ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் சாட் மென்பொருளுக்கு 200 (கிடைத்தது என்பதற்கான குறியீடு) என்று பதில் சொல்லும்படி எழுதப்பட்டிருந்தது. படம் பெரியது, நேரம் இழுத்தது. அந்தப் பக்கம் சில விநாடி காத்திருந்துவிட்டு, தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அனுப்பியது. பிறகு இன்னும் மூன்று முறை. தவறு அதனுடையது அல்ல, வெப்ஹுக் அனுப்பும் மென்பொருள்கள் பொதுவாக நடந்துகொள்ளும் விதமே அதுதான். ஒவ்வொரு முறையும் என் ஸ்கிரிப்ட் மெதுவாக, ஆனால் வெற்றிகரமாக வேலையை முடித்தது. ஐந்து பதிவுகள். புதுப் பதிவு வந்ததும் சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் போகும் வசதியும் இருந்தது. ஆளுக்கு ஐந்து மின்னஞ்சல்.

ஐந்தையும் அழித்தேன். போன மின்னஞ்சலை அழிக்க முடியுமா? புதுப் பதிவுகளைத் தானாக எடுத்துவரும் ஆர்எஸ்எஸ் ரீடர்கள் எடுத்து வைத்துக்கொண்டதையும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகவே செய்யுங்கள், ஆனால் டிராஃப்ட் (வெளியிடாத வரைவு) வரைக்கும்தான். வேடிக்கை என்னவென்றால், நிலையைக் குறிப்பிடாமல் அனுப்பினால் வேர்ட்பிரஸ் தானாகவே டிராஃப்டாகத்தான் வைக்கும். நான்தான் மெனக்கெட்டு "பப்ளிஷ்" என்று எழுதி அனுப்பியிருந்தேன். இப்போது கருவிக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்குக் கான்ட்ரிபியூட்டர் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன். அந்தக் கணக்கு எழுதலாம், வெளியிட முடியாது. தப்பித்தவறி பப்ளிஷ் என்று அனுப்பினாலும் 403 (அனுமதி இல்லை) என்று திரும்பி வந்துவிடும். படமும் ஏற்ற முடியாது, அது எனக்கு இன்னும் வசதி.

இரட்டைப் பதிவுக்கு மருந்து எளிது. தகவல் வந்ததும் முதலில் 200 சொல்லிவிடுங்கள், வேலையைப் பிறகு பாருங்கள். உரையாடல் எண்ணை ஒரு ஷீட்டில் குறித்துவைத்து, அது ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்யாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். கோடிங் இல்லாத கருவிகளிலும் இந்த ஒரு படியைச் சேர்க்கலாம்.

"தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தானாக நீக்கும்படி ஃபில்டர் போடலாமே" என்று யாராவது கமென்ட் போடுவீர்கள், தெரியும். போட்டேன். நடுவில் இடைவெளி விட்டு எழுதுவார்கள், பாதியை ஒரு செய்தியிலும் மீதியை அடுத்ததிலும் அனுப்புவார்கள், "ஒன்பது எட்டு" என்று சொல்லாக எழுதுகிறவர்களும் உண்டு. ஃபில்டர் இருக்கட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள். ஏஐ சுருக்கித் தருமே என்பவர்களுக்கும் அதே பதில்தான். அழகாகவே சுருக்கும். சில சமயம் எங்கள் மென்பொருளில் இல்லாத ஒரு பட்டனை அழுத்தச் சொல்லியும் எழுதிவிடும். நான் ஏஐக்கு எதிரி இல்லை, டிராஃப்டின் முதல் வடிவத்தை அதுதான் எழுதுகிறது. ஒரு மனிதர் படித்த பிறகே வெளியே போகிறது.

இன்னொன்று, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊழியர் ஏன் அவசரமாக மூடினார்? முதல் பதில் எத்தனை விநாடியில் போனது, ஒரு நாளில் எத்தனை உரையாடல் மூடினாய் என்று ஒரு பலகை எல்லார் கண்முன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகவே எல்லாரும் "வணக்கம், பார்க்கிறேன்" என்று எதையாவது தட்டிவிட்டுக் கடிகாரத்தை நிறுத்துவோம். வாடிக்கையாளர் அதற்கப்புறம் இருபது நிமிடம் காத்திருப்பார். அறிக்கையில் நாங்கள் மின்னல் வேகம். அந்த இரவு நடந்ததற்கு அந்தப் பையனிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். ஸ்கிரிப்ட் எழுதியவன் நான், என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பலகையும் அப்படியே ஓடியது.

மறுதிசையையும் யோசித்துப் பாருங்கள். வலைப்பதிவில் ஒரு கட்டுரை வெளியானதும் அதன் தலைப்பும் லிங்க்கும் சாட் ஊழியர்கள் தங்களுக்குள் பேசும் சாட் அறைக்குப் போகும்படி செய்தோம். ஆர்எஸ்எஸ் போதும், ஏபிஐகூட வேண்டாம். நேரம் மிச்சமானது இதில்தான். ஒரே குறை, கட்டுரையைத் திருத்தினால் யாருக்கும் தெரிவதில்லை, பழைய பதிலையே ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாடிக்கையாளர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார். போன மாதம் சாட்டில் வந்தார். தொடர்பு எண்ணைக் கேட்டதற்கு, "இங்கேயே தரட்டுமா, இல்லை உங்கள் வலைப்பதிவில் பார்த்துக்கொள்வீர்களா?" என்றார்.