மார்கழிக் குளிரில் டென்ட் தேனிலவு: கொடைக்கானல் போகும் புதுமணத் தம்பதிகளின் கேள்விகள்

கார்த்திகையில் கல்யாணம் முடித்தவர்கள் பலர், கிறிஸ்துமஸ் விடுமுறையில் குறைந்த செலவில் கொடைக்கானல் வந்து டென்ட்டில் தங்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். பழனி மலையில் பல வருடமாக ஆட்களைக் கூட்டிப்போய் டென்ட்டில் தங்க வைக்கிறவன் என்ற முறையில், இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

சொந்தமாக டென்ட் வாங்கிவிட்டோம். மன்னவனூர் பக்கம் காட்டோரமாகப் போட்டுக்கொண்டால் ரூம் வாடகை மிச்சம்தானே? (திருச்சி)

வேண்டாம். உங்கள் கண்ணுக்குக் காலியாகத் தெரியும் இடத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. பெரும்பாலும் அது வனத்துறைதான். 2013-இலிருந்து இங்கே பெரும் பகுதி வனவிலங்கு சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். காட்டு மாடுகள் கொடைக்கானல் ஊருக்குள்ளேயே சாவகாசமாக நடக்கின்றன. இருட்டில் அவற்றுக்கு நடுவே துணிச்சுவர் ஒரு பாதுகாப்பே இல்லை.

விருந்தினரைத் தங்க வைக்கவும் டென்ட் போடவும் அனுமதி பெற்ற வீட்டுக்காரரின் பட்டா நிலத்தில் போடுங்கள். முன்பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "நடுராத்திரி மழை வந்தால் நாங்கள் உள்ளே வந்து படுக்க ஒரு அறை இருக்கிறதா?" இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையின் கடைசி மழை டிசம்பரிலும் இங்கே பெய்யும்.

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. அவருக்கு டென்ட்தான் ஆசை. எவ்வளவு குளிரும் சார்? (தஞ்சாவூர்)

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். டிசம்பர் கடைசியில் விடியற்காலை 8 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். வானம் தெளிவாக இருந்தால் இன்னும் இறங்கும், பள்ளமான இடங்களில் உறைபனியும் விழும். ஆனால் பயப்படாதீர்கள். சரியாகப் படுத்தால் தாங்கக்கூடிய குளிர்தான்.

குளிர்ந்த காற்று தண்ணீரைப் போல. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஏரிக்கரையும் ஓடையோரமும் போட்டோவுக்கு அழகு, ஆனால் அந்த வட்டாரத்திலேயே அதிகம் குளிரும் இடம் அதுதான். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜோடிக்கு ஓடையோரமாகப் போட்டுக் கொடுத்தேன். விடிய விடிய அந்தப் பெண் உட்கார்ந்தே இருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அதன்பிறகு சரிவின் நடுவில், கொஞ்சம் சமமான மேட்டில்தான் போடுகிறேன்.

அடுத்தது தரை. உடம்பின் சூட்டை மேலே உள்ள காற்றைவிடக் கீழே உள்ள மண்தான் வேகமாக உறிஞ்சும். மேலே நாலு கம்பளி போர்த்திக் கீழே வெறும் பாய் விரித்தால் பயனில்லை. தார்ப்பாய், அதன்மேல் தடியான ஃபோம் மேட், அதன்மேல் ஸ்லீப்பிங் பேக். இரண்டு பேக்கையும் ஜிப்பால் ஒன்றாக இணைக்கும் வகை வாடகைக்குக் கிடைத்தால் அதையே கேளுங்கள், இருவர் சூடும் சேர்ந்து நிற்கும். பகலில் நடந்த சாக்ஸோடு படுக்காதீர்கள். அதில் வியர்வை ஈரம் இருக்கும். காதை மூட குரங்கு குல்லா போதும். மூச்சுவிடும் ஈரம் துணியில் படிந்து சொட்டாமல் இருக்க டென்ட்டின் காற்று வழியைத் திறந்தே வையுங்கள். செலவைச் சுருக்க எத்தனையோ இடம் இருக்கிறது, படுக்கையில் மட்டும் சுருக்காதீர்கள்.

டென்ட்டுக்குள் சின்னக் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா? (கரூர்)

கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலிருந்து எழவே விடாது. இதே கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய இளைஞர்கள் 2024-இல் உயிரிழந்தார்கள். எரிந்து அணைந்தது போலத் தெரியும் கரியைக்கூட உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, சாக்ஸில் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள். நெடுநேரம் சூடு இருக்கும்.

இரண்டு பேர், மூன்று இரவு. எங்கே மிச்சம் பிடிக்கலாம்? (விருதுநகர்)

முதலில் தேதியில். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மலை நிரம்பிவிடும். வாடகை ஏறும், வெள்ளி நீர்வீழ்ச்சி வரை வண்டிகள் நகராமல் நிற்கும். டிசம்பர் 20-ஆம் தேதிக்கு முன்னால் வாரநாட்களில் வர முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. லீவு கிடைக்காதென்றால் ஊருக்குள் தங்காமல் பக்கத்து மலைக் கிராமமான பூம்பாறைக்குப் போய்விடுங்கள். படிக்கட்டு வயல்களும் குழந்தை வேலப்பர் கோயிலும் பார்க்கக் காசு வேண்டாம். வரும்போது மலைப்பூண்டு வாங்கி வாருங்கள். அதற்குப் புவிசார் குறியீடே உண்டு.

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது. 2024 மே முதல் கார், பைக்கில் வருபவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம், பேருந்தில் வந்தால் அந்த வேலையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தவிர்த்து ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள்.

இரண்டு நாள் மலை, அப்புறம் தனுஷ்கோடி கடற்கரையில் ஒரு ராத்திரி டென்ட். சரிவருமா? (கோவை)

தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதியில்லை, மாலையிலேயே திரும்பச் சொல்லிவிடுவார்கள். அந்த மாதத்தில் காற்றும் கடலும் முரட்டுத்தனமாக இருக்கும். மலையிலிருந்து மதுரை வழியாக ராமேஸ்வரம் போகவே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். கடலில் அவ்வளவு ஆசை என்றால் ராமேஸ்வரத்தில் ரூம் எடுத்து, பகலில் தனுஷ்கோடி பார்த்து வாருங்கள். நான்கே நாள் லீவு என்றால் மலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"கல்யாணமான புதிதில் டென்ட்டா?" என்று மாமியார் வருத்தப்படுகிறார்கள். என்ன சொல்வது? (மதுரை)

அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறதம்மா. முதல் ராத்திரி, டென்ட் போடப்போகும் வீட்டின் ரூமிலேயே தங்குங்கள். பயணக் களைப்பும் தீரும், உடம்பும் குளிருக்குப் பழகும். இரண்டாம் நாள் அதே வீட்டு முற்றத்தில் டென்ட். வீட்டுக்காரம்மாவின் போன் நம்பரை அத்தையிடம் கொடுத்து, ஒரு தடவை பேச வைத்துவிடுங்கள்.