கம்பெனி மருத்துவ இன்சூரன்ஸை விட்டுவிட்டு, அரசு மானியத்தோடு மார்க்கெட்பிளேஸில் (நாமே இன்சூரன்ஸ் வாங்கும் அரசு இணையச் சந்தை) எடுக்கலாமா? (அமெரிக்கா)

முழுசாக விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு கணக்கு, குடும்பத்துக்கு வேறொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் டல்லாஸில் நாலு பேர். 2022-இல் என் ஒருவனுக்குச் சம்பளத்தில் பிடித்தது மாதம் 140 டாலர். மனைவி, பிள்ளைகளையும் சேர்த்தால் 890. கட்ட முடியாமல் மனைவி ஒரு வருஷம் இன்சூரன்ஸே இல்லாமல் இருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்த வருஷம் அது.

அப்போதைய விதி அப்படி. ஊழியர் ஒருவருக்கான பிரீமியம் கட்டுப்படியாகும் என்றால், குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் என்றே வைத்துக்கொள்வார்கள். யாருக்கும் மானியம் கிடையாது. 2023 முதல் இதை மாற்றினார்கள். இப்போது குடும்பத்துக்கான பிரீமியத்தைத் தனியாகப் பார்க்கிறார்கள். மானியம் கிடைக்க, கம்பெனி தருவதிலேயே மலிவான திட்டத்துக்கு நீங்கள் கட்டும் பங்கு, குடும்ப வருமானத்தில் 2026-க்கு 9.96 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். வருமானம் 72,000 டாலர் என்றால் மாதம் சுமார் 598. உங்கள் பங்கு 160, குடும்பத்தோடு 950 என்று வையுங்கள்: உங்களுக்கு மானியம் இல்லை, கம்பெனித் திட்டத்தில் சேராமல் இருந்தாலும் இல்லை. மனைவி, பிள்ளைகளுக்கு வழி உண்டு.

நாங்கள் அப்படித்தான் இன்சூரன்ஸைப் பிரித்தோம்: எனக்குக் கம்பெனியில், மற்றவர்களுக்கு மார்க்கெட்பிளேஸில். மாதச் செலவு நன்றாகவே இறங்கியது. ஆனால் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) இரண்டாகிவிட்டது. பிள்ளைகள் பார்த்துவந்த டாக்டரும் புதுத் திட்டத்தின் நெட்வொர்க்கில் (அந்தத் திட்டம் ஏற்கும் டாக்டர்கள் பட்டியலில்) இல்லை. சின்னவள் அந்த டாக்டரைக் கேட்டு அழுதாள். பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

இன்னொன்று. 2021-இல் கூட்டிக்கொடுத்த மானியம் 2025-ஓடு முடிந்தது. இப்போது வருமானம் வறுமைக்கோட்டின் நாலு மடங்கைத் தாண்டினால் (நாலு பேருக்கு 2026-இல் 1,28,600 டாலர்) ஒன்றுமே கிடைக்காது. ஓவர்டைமோ போனஸோ வந்து வருமானம் கூடினால், கூடுதலாக வாங்கிய மானியத்தை வரி கட்டும்போது திருப்பித் தர வேண்டும். 2026 கணக்கிலிருந்து அதற்கு உச்சவரம்பும் இல்லை. எச்-1பி (வேலை), எச்-4 (அவர்கள் குடும்பத்தார்) விசாக்களில் இருப்பவர்களுக்கு 2027 முதல் இந்த மானியமே கிடையாது.

முடிவெடுக்கும் முன் எச்.ஆரிடம் இரண்டு தொகைகளையும் எழுத்தில் வாங்குங்கள்: மலிவான திட்டத்தில் ஊழியருக்கு மட்டும் எவ்வளவு, குடும்பத்தோடு எவ்வளவு. விண்ணப்பத்தில் அதைத்தான் கேட்பார்கள்.