அக்கா பிள்ளைங்களை வச்சுக்க 15,000 ரூபா பத்திரம் வேணுமா?

கேள்வி: அக்கா 2 வருஷம் முன்னாடி இறந்துட்டா. மாமா ஒரு கேஸ்ல தண்டனை ஆகி வேலூர் ஜெயில்ல இருக்கார். பையனுக்கு 9, பொண்ணுக்கு 6, ரெண்டு பேரும் எங்ககிட்டதான் வளர்றாங்க. ஸ்கூல் மாத்தணும்னா அப்பா கையெழுத்து கேக்கறாங்க. கோர்ட் வாசல்ல இருக்கற ஒருத்தர் 15,000 குடுத்தா கார்டியன் பத்திரம் முடிச்சுத் தர்றேங்கறார். கமிட்டிக்குப் போனா பிள்ளைங்களை ஹோம்ல போட்டுருவாங்கன்னும் சொல்றார். பயமா இருக்கு.

பதில்: மொதல்ல அந்த ஆளுக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்கம்மா. அவர் தரப்போறது 20 ரூபா பத்திரத்துல நோட்டரி சீல் குத்துன ஒரு பேப்பர், அவ்ளோதான். அப்பா உயிரோட இருக்கார், ஜெயிலுக்குப் போனதால மட்டும் பிள்ளை மேல இருக்கற உரிமை போயிடாது, அதனால நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டு கார்டியன் ஆக முடியாது. இதையே தத்துப் பத்திரம்னு பேரை மாத்தி 50,000 வரைக்கும் வாங்குறவங்க இருக்காங்க. இன்னும் சிலர் உள்ள இருக்கற அப்பன்கிட்ட போய் பிள்ளையை சரண்டர் பண்றதா, அதாவது பிள்ளை மேல இருக்கற உரிமையை மொத்தமா விட்டுக் குடுக்கறதா எழுதி வாங்கிட்டு வருவாங்க. சரண்டர்ங்கறது குழந்தைகள் நலக் குழு முன்னாடி நடக்கணும், அப்பவும் மனசு மாற 2 மாசம் டைம் உண்டு. ஜெயில் வாசல்ல எழுதுன பேப்பர் எதுக்கும் ஆகாது.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். கமிட்டின்னு அவர் சொல்றது இந்த நலக் குழுவைத்தான், 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருக்கு. ஹோம்ல சேர்க்கறது கடைசி வழின்னு அந்தச் சட்டமே சொல்லுது. நீங்களே பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, நாங்கதான் வளர்க்கறோம், எங்ககிட்டயே விடுங்கன்னு மனு குடுங்க. வீட்டைப் பாக்க ஒருத்தர் வருவாங்க, பிள்ளை எங்க தூங்குது, ஸ்கூல் போகுதா, யார் சமைக்கறாங்கன்னு கேப்பாங்க. அரிசி மூட்டையை ஒளிச்சு வைக்கறது, புது பாய் வாங்கிப் போடறது இதெல்லாம் வேணாம், இருக்கறபடி காட்டுங்க. அந்த அறிக்கையைப் பாத்து உங்க பொறுப்புல விடறதா குழு போடற உத்தரவுதான் உங்க கைல இருக்க வேண்டிய பேப்பர், இதுக்கு பீஸே கிடையாது.

அதே நேரம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல நிதி ஆதரவுக்கும் எழுதிக் குடுங்க. மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசுத் திட்டத்துல பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா, வருஷ வருமானம் கிராமத்துல 72,000, டவுன்ல 96,000க்கு மேல போகக்கூடாது. இந்தக் காலத்துல மாசம் 6,000ல குடும்பம் நடத்தறவன் எவன்னு இந்த வரம்பு போட்டவங்களைத்தான் கேக்கணும்! மாசாமாசம் டான்னு வரும்னு நம்பி வட்டிக்கு வாங்கிடாதீங்க, பண்டு வரலன்னு நாலஞ்சு மாசம் இழுத்துட்டு மொத்தமா போடுவாங்க. 2025ல வந்த தமிழ்நாடு அரசோட அன்புக்கரங்கள் திட்டத்துல மாசம் 2,000 இருக்கு, உங்களுக்குப் பொருந்துமான்னு அங்கயே கேளுங்க.

அப்பா கையெழுத்துக்கு புரோக்கர் எதுக்கு? மனு பாக்க, அதான் ஜெயில்ல அவரைப் பாக்கப் போறப்ப சிறை நல அலுவலரைக் கேளுங்க, பிள்ளைங்க மச்சினிகிட்ட வளர சம்மதம்னு அப்பா எழுதிக் குடுத்தா கண்காணிப்பாளர் கையெழுத்தும் சீலும் வாங்கிடலாம்.

ஆனா ஒண்ணு, என்ன கேஸ்னு நீங்க எழுதல. அக்கா சாவுக்கே அவர்தான் காரணம்னு கேஸ் இருந்தாலோ, பிள்ளை மேல கை வச்ச கேஸா இருந்தாலோ அப்பாகிட்ட கையெழுத்து வாங்கச் சொன்னது உங்களுக்கு இல்ல. சம்மதக் கடிதம் கேக்காதீங்க, குழுகிட்ட முதல் நாளே கேஸ் நம்பரோட சொல்லுங்க, பிள்ளையை மனு பாக்கக் கூட்டிட்டே போகாதீங்க. அப்பீல் ஓடிட்டிருந்து 9 வயசுப் பையன் சாட்சியா இருந்தா, அப்பா வீட்டு ஆளுங்க பாசமா வந்து, அப்பா பாவம்டான்னு ஆரம்பிச்சு அவன் சொன்னதை மாத்தச் சொல்லி நச்சரிப்பாங்க, அவனுக்கு ராத்திரி தூக்கம் போயிடும். தாத்தா பாட்டின்னாலும் தனியா விடாதீங்க. இந்த மாதிரி கேஸ்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல இழப்பீட்டுக்கும் மனு போடலாம், வக்கீலும் இலவசம், போன் 15100.

அந்த மாதிரி கேஸ் இல்லன்னா பிள்ளைங்களை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போய் அப்பாகிட்ட காட்டுங்க. அப்பா துபாய்ல இருக்கார்னு கதை விடாதீங்க, ஸ்கூல்ல எவனாவது ஒருத்தன் உடைச்சிருவான். ஜெயில்ல இருக்கார், நீங்க எதுவும் தப்பு பண்ணலன்னு சொல்லுங்க, அந்த வயசுக்கு அது போதும்.

ஸ்கூலுக்கு நலக் குழு உத்தரவோட நகல் குடுங்க. அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, 8ஆம் வகுப்பு வரைக்கும் டிசி வர லேட்டாகுதுன்னு சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படி. ஹெச்எம் அப்பவும் அடம் பிடிச்சா முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, சீல் வச்ச ரசீது வாங்காம வெளிய வராதீங்க.