வாசகர் கேள்வி – பதில்: 18ஆம் நூற்றாண்டுக் கவுனைத் தைத்துப் பார்க்க

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் கவுன்களைப் படங்களில் கண்டு, அதைப் போல ஒன்றைத் தைத்துப் பார்க்கும் ஆசை வந்துள்ளது. பிளவுசும் சுடிதாரும் நன்றாகத் தைப்பேன். எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

கவுனை இப்போதைக்கு மறந்துவிட்டு, அதற்குள் அணியும் உடைகளிலிருந்து தொடங்குங்கள். முதலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தொங்கும் லினன் உள்ளங்கி, அதன்மேல் 'ஸ்டேஸ்' எனப்படும் விறைப்பான இடுப்புக்கச்சு, பிறகு பாவாடைகள், கடைசியாகத்தான் கவுன். ஸ்டேஸ் அணிந்த உடம்பின் மேல்தான் கவுனுக்கு அளவெடுக்க வேண்டும்; அதை விட்டுவிட்டு நேரே கவுனைத் தைத்தால், எவ்வளவு விலையுயர்ந்த பட்டாக இருந்தாலும் மேற்பகுதி சுருங்கி நாடக உடையைப் போலத்தான் தெரியும்.

உள்ளங்கி எளிது. துணி வீணாகாதபடி சதுரம், செவ்வகம், முக்கோணம் என்று வெட்டி, கையை உயர்த்த வசதியாக அக்குளில் ஒரு சதுரத் துண்டை இணைப்பார்கள். ஸ்டேஸ்தான் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு மடிப்பு லினனுக்கு இடையே நெருக்கமான குழல்களாகத் தைத்து, திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த நெகிழ்வான பட்டைகளை அன்று செருகினார்கள். இன்று தடித்த பிளாஸ்டிக் கேபிள் டை போதும். உடல் வடிவம் வருவதற்காகப் பிளவுசில் நாம் பிடிக்கும் டாட் என்ற மடிப்புத் தையல் இதில் கிடையாது. துண்டுகளின் வெட்டும் பட்டைகளின் சாய்வுமே உடலைக் கூம்பு வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. ஆகவே காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்து, அணிந்து பார்த்துத் திருத்திய பிறகே நல்ல துணியில் கத்தரி வையுங்கள். இதை அணிந்தால் மூச்சு முட்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அளவாகத் தைத்த ஸ்டேஸ் மார்பைத் தாங்கி, பாவாடைகளின் நாடா இடுப்பில் அறுக்காமலும் காக்கும்.

தையல் இயந்திரத்தைப் பயன்படுத்தினால் அது போலியாகிவிடுமா?
– வாசகி, மதுரை

தையல் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல். ஆகவே 18ஆம் நூற்றாண்டு உடை முழுவதும் கைத்தையலே. ஆனால் பொழுதுபோக்காகச் செய்பவர் உள்ளே மறையும் நீண்ட தையல்களை இயந்திரத்தில் முடிப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. இதற்காக முகஞ்சுளிக்கும் ஆர்வலர்களைப் பொருட்படுத்த வேண்டாம். வெளியே தெரியும் ஓரங்களையும் மடிப்புகளையும் மட்டும் தேன்மெழுகு தடவிய நூலால் கையில் தையுங்கள். தையல் நுணுக்கமாக இருக்க வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். அன்று துணிதான் விலை மிகுந்தது, தைப்பவரின் கூலி குறைவு. பின்னாளில் பிரித்து வேறு பாணியில் மாற்றித் தைக்க வசதியாக, பாவாடைப் பகுதிகளைப் பெரும்பாலும் நீளமான ஓட்டுத்தையலில்தான் இணைத்தார்கள். இழுவிசை தாங்க வேண்டிய இடங்களில் மட்டுமே தையல் நெருங்கும்.

நம் ஊரில் கிடைக்கும் துணிகளில் எது பொருந்தும்?
– வாசகர், தஞ்சாவூர்

ஜரிகைக் கரை போட்ட பட்டுப்புடவையை வெட்ட வேண்டாம். அதைவிட நெருக்கமான உறவு பருத்தியில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பும், மெழுகு பூசிக் காத்துத் தோய்த்த அவுரி நீலமுமாக எழுதப்பட்ட 'சிண்ட்ஸ்' துணிகள் ஐரோப்பியப் பெண்களை மயக்கின. உள்நாட்டு நெசவாளர்களைக் காக்கவென்று பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721இல் கொண்டுவந்த தடைச் சட்டம் 1774இல்தான் நீங்கியது. தடையை மீறியும் பெண்கள் அணிந்தார்கள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இத்தகைய உடைகள் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

எனவே அந்த சிண்ட்ஸுக்கு உறவான கலம்காரிப் பருத்தியைத் தேர்ந்தெடுங்கள். தெய்வ உருவங்கள் நிறைந்ததை விட்டு, வெளிர் நிறத்தில் பூங்கொடி படர்ந்ததாகப் பாருங்கள். கவுனுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஆகும். பாவாடை வேறு துணியிலும் இருக்கலாம், அன்றும் அப்படி அணிந்தார்கள்.

அக்காலக் கவுன்கள் பலவற்றின் முன்பக்கத்தில் பொத்தானோ கொக்கியோ இல்லையே, எப்படி மூடினார்கள்?
– வாசகி, சேலம்

குண்டூசியால். ஊக்கு 1849இல்தான் காப்புரிமை பெற்றது. அதற்கு முன்பு சாதாரண நேர் ஊசிகளால் முன்பக்கத்தை ஸ்டேஸின் மேல் குத்தி நிறுத்தினார்கள். பல மடிப்புத் துணியும் பட்டைகளும் இருப்பதால் ஊசி உடலைத் தொடாது. எடை கூடினாலோ குறைந்தாலோ கவுனைப் பிரிக்காமல், ஊசி குத்தும் இடத்தைச் சற்றுத் தள்ளினாலே போதுமானது.