பழகிவிடும் என்கிறார்கள்

அன்புள்ள ஐயா,

நான் மருந்தியலில் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி. பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். போன மாதம் முதன்முறையாக என் கையாலேயே 18 சுண்டெலிகளைக் கொன்றேன். மயக்கம் கொடுத்து, விதிப்படிதான் செய்தேன். ஆனால் வாலைப் பிடித்துக் கூண்டிலிருந்து தூக்கியபோது ஒன்று முன்கால்களால் கம்பியைப் பற்றிக்கொண்டு விடவே இல்லை. அன்றிரவு என்னால் சாப்பிட முடியவில்லை.

மூத்தவர்கள் "பழகிவிடும்" என்கிறார்கள். அந்தச் சொல்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. குறிப்பேட்டில் "கொன்றோம்" என்று யாரும் எழுதுவதில்லை, "சாக்ரிஃபைஸ்", அதாவது பலி, என்றுதான் எழுதுகிறோம். எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. பாட்டி வேலையைப் பற்றிக் கேட்டால் "மருந்து கண்டுபிடிக்கிறோம் பாட்டி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இது பாவமா, இல்லையா? நான் விட்டுவிட வேண்டுமா? நேராகச் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே,

நேராகக் கேட்டதால் என் வயிற்றிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு எட்டு வயதில் தெருநாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியது. அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து 14 நாட்கள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். தொப்புளைச் சுற்றி நாளுக்கு ஓர் ஊசி. கம்பவுண்டர் புட்டியைக் குலுக்குவார். உள்ளே அரிசி களைந்த நீர் போல ஒரு கலங்கல். நேற்றுக் குத்திய இடம் கல்லாகக் கட்டியிருக்கும். அதைத் தடவிப் பார்த்து, கட்டாத இடமாகத் தேடி அடுத்த ஊசியைக் குத்துவார்.

அந்தக் கலங்கல் ஆட்டு மூளை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 1911ஆம் ஆண்டு இமாசல மலையூரான கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் உருவாக்கிய தடுப்பூசி அது. செம்மறியாட்டின் மூளையில் ரேபிஸ் வைரசைச் செலுத்துவார்கள். நோய் முற்றி ஆடு முடங்கிய பிறகு மூளையை எடுத்து அரைத்து, ஃபீனாலால் வைரசைச் செயலிழக்கச் செய்வார்கள். நம் நீலகிரியில், 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் நெடுங்காலம் இதுதான் தயாரானது. குன்னூர்ப் பேருந்தில் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் என் கை தானாக வயிற்றுக்குப் போய்விடும். ரேபிஸ் வந்தவர் அநேகமாகப் பிழைப்பதில்லை. நான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், கால் முடங்கிக் கிடந்த ஆடுகளின் பேரில்தான் எழுதுகிறேன். அந்த ஊசியைப் போட்டது தவறு என்று என் அப்பாவிடம் நான் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் கேள்விக்கு என் பதிலின் முதல் பாதி இது.

இரண்டாம் பாதி கசப்பானது. அந்த ஊசியில் மூளைத் திசு இருந்ததால், போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு உடலின் எதிர்ப்பு சொந்த நரம்புகள் மீதே திரும்பியது. நாய்க்கடிக்குத் தப்பியவர்கள் ஊசியால் கைகால் முடங்கினார்கள். 1970களின் இறுதிக்குள் உயிரணு வளர்ப்பில், அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களில், தயாராகும் தடுப்பூசி உலகுக்குக் கிடைத்துவிட்டது. அதற்கு ஆட்டு மூளை வேண்டாம், 14 ஊசிகளும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே மூளைத்திசு ஊசியைக் கைவிடச் சொன்னது. இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றது 2004 டிசம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் உள்ளவர் புது ஊசியை விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஏழை இலவச வரிசையில் நின்று ஆட்டு மூளையைப் போட்டுக்கொண்டார். தோலுக்குள் சிறிதளவே செலுத்திப் பயன்பெறும் முறை 2006இல் இங்கே ஏற்கப்பட்ட பிறகுதான் புது ஊசி அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியானது.

விலங்கா மனிதனா என்று இந்த விவாதத்தைத் தொடங்குகிறவர்கள் மீது எனக்கு நம்பிக்கை போனது இங்கேதான். அந்த ஆண்டுகளில் ஆடும் ஏழையும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். 1911இல் தேவையாக இருந்த ஒன்று பிறகு எப்போது தேவையற்றதாகியது என்று உரக்கக் கேட்கும் பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை. எல்லாருக்கும் பழகிவிட்டிருந்தது. அதனால் அந்தச் சொல்லைக் கண்டு நீங்கள் பயப்படுவது சரிதான்.

"சாக்ரிஃபைஸ்" பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அம்மன் கொடையில் கிடாயின் தலையில் மஞ்சள் நீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடலைச் சிலுப்பினால்தான் வெட்டுவார்கள், சிலுப்புவது சம்மதமாம். ஈரம் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும் என்று படித்த நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது அந்தக் காத்திருப்பையே நினைக்கிறேன். அரிவாளோடு நிற்பவரும் அந்த உயிரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும் என்று ஊர் நினைத்திருக்கிறது. ஆடு பதில் சொல்லவில்லை என்பது உண்மை. கேட்க வேண்டும் என்பதும் உண்மை.

உங்கள் ஆய்வகத்தில் அந்தக் காத்திருப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் படிவம் பி-யில். ஏன் விலங்கு, ஏன் இந்த விலங்கு, ஏன் இத்தனை என்று அது கேட்கிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். விலங்கைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும், கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை செய்யக்கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. ஆனால் பல இடங்களில் அந்தப் படிவம் போன ஆண்டு மாணவரின் கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்படுகிறது. இதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் 18 எங்கிருந்து வந்தது? சோதனைப் பிரிவு ஒன்றுக்கு ஆறு எலி என்று எல்லாரும் போடுவதால் வந்ததா, கணக்குப் போட்டதில் வந்ததா? எண்ணிக்கை தேவைக்கு மேல் போனால் கூடுதலாகச் சில உயிர்கள் வீண். தேவைக்குக் கீழே போனால் முடிவே நிற்காது, அத்தனை உயிரும் வீண். எனவே இரக்கப்பட்டு எண்ணிக்கையைக் குறைத்துவிடாதீர்கள்; புள்ளியியல் தெரிந்த ஒருவரோடு அரைநாள் உட்காருங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் அதையும் வெளியிடுங்கள். இல்லாவிட்டால் வேறோர் ஊரில் இன்னொரு மாணவி அதே சோதனைக்கு இன்னொரு 18-ஐக் கொல்வாள்.

கம்பியைப் பற்றிய அந்த ஒன்றுக்கு வருகிறேன். வாலைப் பிடித்துத் தூக்குவது சுண்டெலியை எவ்வளவு அச்சுறுத்துகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். கூண்டுக்குள் ஒரு குழாயை வைத்து, அது தானாக உள்ளே நுழைந்ததும் குழாயோடு தூக்கினால், அல்லது இரு உள்ளங்கைகளையும் குவித்து ஏந்தினால், அச்சம் வெகுவாகக் குறைகிறது. பயந்த எலியின் உடல் தரும் அளவுகளும் பயந்த அளவுகளே என்பது மருந்தியல் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையளவு குழாய்தான். நாளைக்கே வாங்கலாம்.

பாவமா என்று கேட்டீர்கள். ஆம், ஓர் உயிரை எடுப்பது பாவம்தான், பயன் இருந்தாலும். அந்தச் சொல்லை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ள நான் விரும்பவில்லை. பாட்டியிடமும் உள்ளதைச் சொல்லுங்கள். நாம் நினைப்பதைவிட அந்தத் தலைமுறை இதையெல்லாம் தாங்கும். ஆனால் நீங்கள் விட்டுப்போனால் அந்த மேசைக்கு, அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட முடிந்த ஒருவர் வருவார். உங்களால் தாங்க முடிகிறவரை நீங்களே அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தாங்க முடியாத நாள் வந்தால் தயங்காமல் வெளியே வாருங்கள். உயிரணு வளர்ப்பிலும் கணினி மாதிரிகளிலும் செய்ய எவ்வளவோ வேலை காத்திருக்கிறது. புது மருந்துகளுக்கு அத்தகைய சோதனைகளையும் ஏற்கலாம் என்று நம் நாட்டின் மருந்து விதிகளே 2023இல் திருத்தப்பட்டுவிட்டன.

அடுத்த படிவம் பி-யை நிரப்பும்போது, எண்ணிக்கை கேட்கும் கட்டத்தில் என்ன எழுதினீர்கள், ஏன் எழுதினீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.